நிமிஷத்துக்கு நாற்பது தடவை

ஆலங்கிணறு அரசு ஆஸ்பத்திரியில் பேச்சிமுத்துவின் மனைவி முப்பிடாதிக்குப் பெண்பிள்ளை பிறந்து, பிறந்த பிள்ளை அழாமல், அழாத பிள்ளையை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்த அதே மத்தியானத்தில், பிரசவ வார்டுக் குழாயடியில் கை கழுவப் போன ஜெபக்கனி சிஸ்டரின் வலது கை, சோப்பு நுரையோடு, தானாக மூடித் திறந்து மூடித் திறந்து இயங்கத் தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிஷத்துக்கு நாற்பது தடவை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தக் கையை ஊருக்கே தெரியும். ஆலங்கிணறு மலையடிவாரத்தில் இருக்கும் பீடி ஊர். வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டி, பேச்சு ஒரு பக்கம் நடக்க விரல் ஒரு பக்கம் நடக்கிற ஊரில், முகத்துக்கு இல்லாத மரியாதை கைக்கு உண்டு. ஜெபக்கனி சிஸ்டருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். பிறந்ததும் மூச்சு விடாத பிள்ளைகளுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கை வைத்து, அதோடு ஒட்டியிருக்கும் பூசணிப் பிஞ்சு அளவு ரப்பர் பையை அமுக்கிக் காற்றுக் கொடுப்பார்கள். ஆம்பு பை என்று பேர். அந்தப் பையை அவள் அமுக்கினால் பத்தாவது அமுக்கில் பிள்ளை அழும் என்பது ஊர்க்கணக்கு. அப்படி அழுத பிள்ளையின் தாய் பதினாறாம் நாள் வந்து சிஸ்டரின் வலது உள்ளங்கையில் ஒரு பிடி சீனி வைத்துவிட்டுப் போவாள். அழுத சீனி என்பார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஜெபக்கனி வீட்டில் சீனி வாங்கியதே இல்லை என்று அவள் புருஷன் தங்கதுரை கேலி செய்வான்.

அந்தக் கைதான் தப்புச் செய்தது.

நடந்தது இதுதான். முப்பிடாதியைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் வைக்கவேண்டும் என்று ஐந்தாம் மாதமே சொல்லியிருந்தார்கள். ஆனால் நாள் குறித்ததற்குப் பதினெட்டு நாள் முந்தி, பீடிக் கம்பெனி வாசலில் கட்டு ஒப்படைக்க வரிசையில் நிற்கும்போது பனிக்குடம் உடைந்து, நின்ற பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஆலங்கிணறு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். மேசையில் படுத்த முப்பிடாதி, வலிக்கும் வலிக்கும் நடுவில் கிடைத்த இத்தனூண்டு இடைவெளியில் சொன்னாள்.

"சிஸ்டர், ஸ்கேன்ல பிள்ளைக்கு நெஞ்சுல என்னமோ கோளாறுன்னு சொன்னாவ. தாளு அந்த மஞ்சப் பையில இருக்கு."

"தாளு எங்கயும் ஓடிராது தாயி. முதல்ல பிள்ளைய வெளிய எடுப்போம். நீ முக்கு."

பிள்ளை நீலமாக வந்தது. பிறந்த பிள்ளைக்கு வயிறு உருண்டு இருக்கவேண்டும், இதற்கோ வயிறு உள்ளே ஒட்டிக் கிண்ணம்போல் குழிந்திருந்தது. ஜெபக்கனி அதைப் பார்த்தாள். பார்த்தும் யோசிக்கவில்லை. கை அதுபாட்டுக்குப் போய் ஆம்பு பையை எடுத்தது. பத்து அமுக்கில் அழவில்லை. இருபதில் அழவில்லை. நீலம் கறுத்தது. அவள் இன்னும் அழுத்தி அமுக்கினாள். டாக்டர் நௌஷாத் அடுத்த அறையில் ஆபரேஷனை முடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் நான்கு நிமிஷம் ஆகிவிட்டது. அவர் பிள்ளையின் இடது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மூச்சுச் சத்தம் கேட்கவேண்டிய இடத்தில் குடல் பொருமும் சத்தம் கேட்டது.

"சிஸ்டர், பையை எடுங்க! எடுங்கங்கிறேன்!"

வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கிற தசைச்சுவரில் அந்தப் பிள்ளைக்கு ஓட்டை. கருவிலேயே இரைப்பையும் குடலும் அந்த ஓட்டை வழியாக மேலே ஏறி, நுரையீரல் வளரவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டதால், இடது நுரையீரல் பெருவிரல் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாஸ்க் வைத்துக் காற்று அடிக்கவே கூடாது. அடித்த காற்று இரைப்பைக்கும் போகும், நெஞ்சுக்குள் இருக்கும் குடல் ஊதும், ஊதிய குடல் இருக்கிற கொஞ்ச நுரையீரலையும் நசுக்கும். நேராக மூச்சுக்குழாயில் குழாய் போடவேண்டும். இது ஜெபக்கனிக்குத் தெரியாத சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டே எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டு வீட்டு அலமாரியில் இருக்கிறது.

டாக்டர் மூச்சுக்குழாயில் ஒரு குழாயும், காற்றை வெளியேற்ற இரைப்பைக்குள் ஒரு குழாயும் போட்டு, பிள்ளையோடு ஆம்புலன்ஸில் ஏறினார். ஏறும்போது ஜெபக்கனியைப் பார்த்து, "விடுங்க சிஸ்டர். யாருக்கும் நடக்கும்" என்றார். நல்ல மனுஷர். கேஸ் ஷீட்டிலும் 'மூச்சுக்கு உதவி அளிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் நாள் அவள் கை தானாக மூடித் திறப்பதை நரம்பு இழுப்பு என்று நினைத்து, கையை மடக்கி அக்குளில் வைத்து அமுக்கிப் பிடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தலைமாட்டில் மணி அலறியது. விட்டாள். மணி நின்றது. மறுபடி தங்கதுரை கையில் எண்ணெய் தேய்த்து இறுகப் பற்றி நீவிவிட்டான். மறுபடி மணி அலறியது. அங்கே மூச்சு மெஷினை நிமிஷத்துக்கு ஐம்பதில் வைத்திருந்தார்கள். பிள்ளையின் நெஞ்சோ நாற்பதில்தான் எழுந்து தாழ்ந்தது. மெஷின் கம்பெனியிலிருந்து ஆள் வந்து திருகிப் பார்த்து, மெஷினில் பழுதில்லை, பிள்ளையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் முறை மணி அலறியதும், சிஸ்டர் கை நாற்பதில் நடக்கும் சேதியை ஊரிலிருந்து கேள்விப்பட்டிருந்த பேச்சிமுத்துவே போன் செய்தான்.

"சிஸ்டர், இப்ப என்ன செஞ்சீய?"

"தலை முடியணும்னு கையைப் பிடிச்சேன்."

"பிடிக்காதீங்க சிஸ்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அது எம்பிள்ள மூச்சு."

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் ஆலங்கிணறு முழுக்கத் தெரிந்துவிட்டது. நம்பமுடியவில்லை என்று ஒருத்தர் சொல்லவில்லை. இந்தக் கை இத்தனை நாளாக இதைச் செய்யாமல் இருந்ததுதான் ஆச்சரியம் என்றார்கள். டீக்கடைக்காரர் கடைக் கடிகாரத்தை அவள் வீட்டு முன்னறைச் சுவரில் கொண்டுவந்து மாட்டினார். டவுன் பஸ் அவள் தெருவைக் கடக்கையில் ஹாரன் அடிக்காமல் போயிற்று. சர்ச்சில் விசேஷ ஜெபம் வைத்தார்கள், அம்மன் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்தார்கள், பள்ளிவாசலில் இருந்து ஓதிய தண்ணீர் வந்தது. மூன்றையும் தங்கதுரை வாங்கி வைத்தான். சுகாதாரத்துறையில் இருந்து ஒரு அதிகாரி வந்து அரைமணிநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதற்கு எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியாமல், மருத்துவ விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு தொல்லைதான். விழித்திருக்கும்போது கை நாற்பதில் நடந்தது. கண் செருகினால் முப்பதுக்கு இறங்கியது. அசந்துவிட்டால் இருபது. பிள்ளையின் ஓட்டையைத் தைக்க ஆபரேஷன் செய்யவேண்டும், ஆனால் மூச்சு ஒரு நிலைக்கு வந்தால்தான் செய்யமுடியும் என்று பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக, பிள்ளை பிழைக்கவேண்டும் என்றால் ஜெபக்கனி தூங்கக்கூடாது.

ஊர் சும்மா இருக்குமா. பீடி சுற்றும் பெண்கள் சொளவும் கையுமாக அவள் வீட்டு முன்னறையில் செட்டுச் செட்டாக உட்கார்ந்தார்கள். ஒரு செட்டு எழுந்து போனால் அடுத்த செட்டு. பத்திரமுத்து என்று ஒருத்தி, வாய்க்குப் பேர்போனவள், அவள்தான் தலைவி. சிஸ்டருக்குக் கண் சொருகினால் பாட்டுப் பாடினார்கள். பாட்டு எடுபடாவிட்டால் ஊர்க்கதை. ஊர்க்கதையும் எடுபடாவிட்டால் கள்ளத்தொடர்புக் கதை, அதற்குச் செத்தவன்கூட எழுந்து உட்காருவான். தங்கதுரை சோறு ஊட்டினான், இடது கையால் அவள் தண்ணீர் குடித்தாள். காப்பி ஐம்பது வீட்டில் இருந்து வந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, முறைநாள் வராமலே பெண்கள் வந்து அந்தக் கையில் சீனி வைத்ததுதான். கை மூடித் திறக்க மூடித் திறக்க, சீனி நொறுங்கி விரலிடுக்கு வழியாக மடியில் கொட்டியது. எறும்பு வந்தது.

"மகராசி கை" என்று சொல்லி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு முறை கை மூடும்போதும் ஜெபக்கனிக்கு அந்த நான்கு நிமிஷம் திரும்ப வந்தது. நான்கு நிமிஷத்தில் நூற்றறுபது அமுக்கு. அதில் கடைசி எண்பது ஆத்திரத்தில், பிள்ளை தன் பேரைக் கெடுத்துவிடுமோ என்ற பயத்தில் அமுக்கியது. ஆமாம், அதுதான் உண்மை, அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை. பிள்ளை செத்துவிடுமோ என்ற பயம் பாதி, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் பாதி. சொல்லிவிடலாம் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாயைத் திறந்தாள். பத்துத் தடவையும் யாராவது ஒருத்தி காப்பியை நீட்டினாள்.

அவளுடைய கையை யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் பத்திரமுத்து, "என் கையில குடுங்க சிஸ்டர், ரெண்டு மணிநேரம் நான் அமுக்குதேன், நீங்க கண்ணசருங்க" என்று கையோடு கை கோத்தாள். மாறவில்லை. பதினேழு பெண்கள் கோத்துப் பார்த்தார்கள். தங்கதுரை கோத்தான். மாறவில்லை. அது சிஸ்டருக்கு மட்டும் ஆண்டவன் கொடுத்த வரம், நம்ம பாவக் கைக்கு வருமா என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிச் சமாதானமாகிவிட்டார்கள். ஏன் மாறவில்லை என்று ஜெபக்கனிக்கு மட்டும் லேசாகத் தெரிந்தது. உள்ளே ஒன்றை அடைத்து வைத்துக்கொண்டு கையை மட்டும் கொடுத்தால் எப்படிப் போகும்.

ஒன்பதாம் நாள் கை முப்பத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்க ஆரம்பித்திருந்தாள். பத்தாம் நாள் மத்தியானம், பச்சை உடம்புக்காரி, பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி முப்பிடாதி வந்தாள். சிஸ்டர் தளர்ந்துபோனாவ என்று கேள்விப்பட்டு, காலில் விழுந்து கெஞ்ச வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சிஸ்டரின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் நாலு நாளு தாங்குங்க சிஸ்டர். நான் செஞ்ச பாவத்துக்கு நீங்க கஷ்டப்படுதிய. எனக்குத் தெரியும்."

"நீ என்ன பாவம் செஞ்சே?"

"மாசமா இருக்கையில ஒரு நாளு விடாம பீடி சுத்துனேன் சிஸ்டர். தூளு மூக்குல ஏறி ஏறித்தான் பிள்ளைக்கு நெஞ்சு ஓட்டையாப் போச்சுன்னு எங்க அத்தை சொல்லுதாவ, தெருவுல எல்லாரும் சொல்லுதாவ. டாக்டர் இல்லைங்காரு. எனக்குத்தான் மனசு கேக்கல. ராத்திரி பகலா அதே நெனப்பு. எம்பிள்ளைய நானே கொன்னுட்டு வாரேன், நீங்க காப்பாத்திக்கிட்டு இருக்கிய."

சொளவுகள் எல்லாம் அப்படியே நின்றன. ஜெபக்கனி காலை இழுத்துக்கொண்டாள். தன் குற்றத்தை மறைத்ததுகூட அவளுக்கு இதுவரை ஒருவிதத்தில் தாங்கக்கூடியதாக இருந்தது. தான் மறைத்த குற்றத்தின் பாரத்தையும் சேர்த்து இன்னொருத்தி தலையில் தூக்கிக்கொண்டு அலைவதைத் தாங்க முடியவில்லை.

"முப்பிடாதி, எந்திரி. நான் சொல்றதைக் கேளு. ஓட்டை உன்னால வந்ததில்ல, யாராலயும் வந்ததில்ல, கருவுல அப்படி அமைஞ்சு போச்சு. ஆனா ஓட்டையோட வந்த பிள்ளைய இந்த நிலைக்குக் கொண்டுபோனது நான். நீ தாளு இருக்குன்னு சொன்னே. நான் பாக்கல. வயிறு குழிஞ்சிருந்துச்சு, அதையும் பாத்துட்டு விட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாஸ்க் வச்சு அமுக்கக்கூடாது, அமுக்கினா குடல் ஊதி நுரையீரலை நசுக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அமுக்கினேன். நாலு நிமிஷம். இந்தக் கை உன் பிள்ளையக் காப்பாத்தல, முப்பிடாதி. நசுக்கிச்சு."

முப்பிடாதி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை, பிறகு எல்லாம் வந்தது.

"நான் சொன்னேம்லா" என்றாள் மெதுவாக. "நான் சொன்னேம்லா சிஸ்டர், தாளு இருக்குன்னு."

"சொன்னே."

"பத்து நாளா உங்க பேரச் சொல்லி வெளக்குப் போட்டேன்."

அந்தக் கை அப்போதும் இருவருக்கும் நடுவில் மூடித் திறந்துகொண்டிருந்தது, முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு. முப்பிடாதிக்கு அதை அடித்து உடைக்கவேண்டும் என்று இருந்தது. உடைத்தால் பிள்ளை போய்விடும். கும்பிடவும் முடியவில்லை. தாயின் நிலைமையைப் பாருங்கள், தன் பிள்ளையை நசுக்கிய கையிலேயே பிள்ளையின் உயிர் கிடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றினாள்.

"குடுங்க. இது எம்பிள்ள மூச்சு. உங்க கையில இருக்கவேண்டாம். குடுங்க இங்க."

மாறியது. எப்படி மாறியது என்று அறையில் இருந்த பதினேழு பேரும் பதினேழு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி வெளிச்சத்தைப் பார்த்தேன் என்றாள், ஒருத்தி குளிர்ந்த காற்று வந்தது என்றாள். பத்திரமுத்து சொன்னதுதான் சரி. ஒன்றும் தெரியவில்லை, இந்தக் கை நின்றது, அந்தக் கை ஆரம்பித்தது, அவ்வளவுதான். ஜெபக்கனியின் கை பத்து நாளைக்குப் பிறகு மடியில் அசையாமல் விழுந்தது. முப்பிடாதியின் வலது கை மூடித் திறந்தது.

"எத்தனை?" என்று கேட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

"நாற்பது. அழுத்தாதே. நெஞ்சு லேசா எழும்பினாப் போதும்."

அதைச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே, கேட்பதற்குள் ஜெபக்கனி உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இன்னொரு பகலும் தூங்கினாள். விழித்தபோது முன்னறை காலியாக இருந்தது. டீக்கடைக்காரர் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்.

முன்பு அதிசயத்தை ஏற்றுக்கொண்ட வேகத்தில் ஊர் இப்போது உண்மையையும் ஏற்றுக்கொண்டது. டவுன் பஸ் பழையபடி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தெருவில் பெண்கள் அவளைக் கண்டால் ஏசவில்லை, வழியை மாற்றவும் இல்லை, சொளவிலேயே கண்ணாக இருந்தார்கள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, வலியோடு வந்த ஒருத்தி, "வேற சிஸ்டர் இல்லையா?" என்று கேட்டாள். "இருக்காங்க" என்று சொல்லி ஜெபக்கனி நகர்ந்து நின்றாள். அவள் மேலதிகாரிக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தாள். விசாரணை வரும் என்றார்கள். வரட்டும் என்றாள். பிரசவ அறையில் இப்போது யார் என்ன சொன்னாலும் முதலில் தாளைப் படித்தாள், பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி, ஆனால் வலது கை மரக்கட்டையாகக் கிடப்பதுபோல் அவளுக்கு இருந்தது. சாப்பிடும்போது அதைப் பார்க்கப் பிடிக்காமல் இடது கையாலேயே சாப்பிட்டாள். தங்கதுரை ஒரு நாள், "பத்து நாள் தூங்காம இருந்தியே, அது கணக்குல இல்லையா ஜெபா?" என்றான். "அது அந்த நாலு நிமிஷத்துக்கு ஈடாகாது" என்றாள்.

முப்பிடாதியிடம் போன மூச்சு தாராளமாகக் கை மாறியது. அவளிடமிருந்து பத்திரமுத்துவுக்கு, பத்திரமுத்துவிடமிருந்து இன்னொருத்திக்கு. தொட்டால் போதும், போயிற்று. பீடித் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து, ஆளுக்கு இரண்டு மணிநேரம் என்று முறை வைத்தார்கள். நாற்பது நாற்பதாகவே நின்றது. பதினான்காம் நாள் ஆபரேஷன் நடந்து, குடலையும் இரைப்பையையும் கீழே இறக்கி ஓட்டையைத் தைத்தார்கள். பெருவிரல் அளவு நுரையீரல் இனிமேல்தான் மெல்ல மெல்ல வளரவேண்டும் என்றார்கள். முப்பிடாதி காலையில் தாய்ப்பால் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சங்கக் கட்டடத்துக்குத் திரும்பிவிடுவாள். யார் கையில் மூச்சு இருக்கிறதோ அவளுக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்து வாரம் ஆயிற்று. இந்நேரம் பிள்ளை தானாக மூச்சு எடுக்கப் பழகியிருக்கவேண்டும், பழகவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். பெண்களும் ஓய்ந்துவிட்டார்கள். ஒருத்திக்கு மகள் கல்யாணம், ஒருத்திக்குக் காய்ச்சல். ஒரு திங்கட்கிழமை காலையில் பத்திரமுத்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு, உங்க முறை. முப்பிடாதி சொல்லிவிட்டா."

ஜெபக்கனி குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள்.

"மன்னிச்சுட்டான்னு நெனச்சிராதீங்க சிஸ்டர். ஆளு பத்தல, அதான்."

செவ்வாய்க்கிழமை அவள் போனாள். பதின்மூன்று பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி எதிரே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் போன், அதில் ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சிமுத்து. முந்தின முறைக்காரி கையை நீட்டினாள். ஜெபக்கனி வாங்கினாள். மூச்சு அவள் கையில் வந்து விழுந்தது.

முதல் பத்து அமுக்கிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு அமுக்குக்கும் முன்னால், உள்ளங்கைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் விரலை வெளியே தள்ளப் பார்த்தது. அது பிள்ளை. மூச்சை எடுக்கக் கிளம்பியது. கிளம்பி வருவதற்குள் கை மூடி அந்த வேலையைச் செய்துவிட்டது. ஐந்து வாரமாக இதுதான் நடந்திருக்கிறது. ஆயிரம் பீடியை மூச்சுவிடாமல் சுற்றுகிற கைகள், நின்றால் பிழைப்புப் போய்விடும் என்று ஆறு வயதிலிருந்து பழகிய கைகள். ஒரு நொடி சும்மா இரு என்றால் அவற்றுக்குத் தெரியாது. அவளுக்கும்தான் தெரிந்திருக்கவில்லை.

ஜெபக்கனி கையைத் திறந்தாள். திறந்தபடி நிறுத்தினாள். விரல்கள் மூடுவதற்கு இழுத்தன, இடது கையால் அவற்றைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்டீய?" முப்பிடாதி பாய்ந்து வந்தாள். "அமுக்குங்க! சிஸ்டர், அமுக்குங்க!"

"அமுக்க மாட்டேன்."

"ஏட்டி, கையைப் பிடுங்குங்க அவ கிட்ட இருந்து!" என்று யாரோ கத்த, சொளவுகள் சரிய, பதின்மூன்று பேரும் எழுந்தார்கள். போனில் மணிச் சத்தம் கேட்டது.

"முப்பிடாதி, பிள்ளை தானா எடுக்கப் பாக்குது. நாமதான் விடமாட்டேங்கிறோம். கொஞ்சம் பொறு. நான் சொல்றதை நம்பச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. இருந்தாலும் பொறு."

முப்பிடாதியின் கை அந்தத் திறந்த உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. தொட்டால் மாறிவிடும். தொடவா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று. இரண்டு. இதுவும் தப்பாகிவிட்டால் இந்த உலகத்தில் தனக்கு இடமில்லை என்று ஜெபக்கனி நினைத்தாள். மூன்று. நான்கு. முப்பிடாதி தொடவில்லை.

போனில் பேச்சிமுத்து கத்தினான். "எடுத்துட்டா! ஏ முப்பிடாதி, எடுத்துட்டாட்டி! நெஞ்சு தானா எழும்புது, டாக்டரும் பாத்தாரு!"

ஒரு மூச்சுதான். அடுத்ததற்குக் கை வேண்டியிருந்தது, அதற்கு அடுத்ததற்கும். நாலு மணிக்குள் பிள்ளை தானாக எடுத்தது மொத்தம் ஆறு மூச்சு. பெண்கள் அழுதார்கள், சிதறிய தூளைக் கூட்டி அள்ளினார்கள், பத்திரமுத்து யாரையோ எதற்கோ ஏசினாள். நாலு மணிக்கு ஜெபக்கனி கையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, எப்போது நிறுத்தவேண்டும் என்று அவளுக்கு விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டு, எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள்.

"சிஸ்டர்" என்று பின்னால் குரல் கேட்டது. முப்பிடாதி வாசலில் நின்றாள். சிஸ்டரின் முகத்தை இப்போதும் அவள் பார்க்கவில்லை.

"எனக்கு ஆறல. ஆறவும் ஆறாது."

"தெரியும்."

"நாளைக்கும் வாங்க" என்றாள் முப்பிடாதி.